படம் வாங்க வந்தவன் கேட்ட கேஸ் ஃபீ

டிஜிட்டலில் படம் வரைந்து இன்ஸ்டாகிராமில் போடுகிறவர்களுக்கு இது. "உங்க படத்தை என்எஃப்டியா வாங்கிக்கறேன், ஒண்ணுக்கு 2 ஈதர்" என்று யாராவது இன்பாக்ஸில் வந்தால், பதில் போடுமுன் இதைப் படித்துவிடுங்கள். (என்எஃப்டி என்பது ஒரு டிஜிட்டல் படத்துக்காக, பிளாக்செயின் எனும் பொது இணையப் பதிவேட்டில் பதியும் டோக்கன், அதாவது உரிமை அடையாளம். ஈதர், எத்தீரியம் என்ற பிளாக்செயினின் கிரிப்டோ நாணயம்.)

என்னிடம் வந்தவன் முதலில் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அய்யனார் கோயில் மண்குதிரைகளை வைத்து ஒரு வரிசை வரைந்திருந்தேன். அதில் ஒரு குதிரைக்கு முன்னங்கால் உடைந்திருப்பதைக் கவனித்துக் கேட்டான். (மண்குதிரை, ஆறு என்று யாரும் பழமொழி சொல்ல வேண்டாம், வீட்டில் சொல்லியாயிற்று.) பிறகுதான் பேச்சு பீப்பிள் என்ற அமெரிக்க டிஜிட்டல் ஓவியரின் என்எஃப்டி படத்துக்குப் போனது. 2021 மார்ச்சில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6.9 கோடி டாலருக்குப் போனதே, அது. "வாங்கினது உங்க ஊர் விக்னேஷ் சுந்தரேசன்தானே?" என்றான். நன்றாகப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான்.

ஐந்து படம் வேண்டும், ஆனால் அவன் சொல்லும் தளத்தில்தான் ஏற்ற வேண்டும். அந்தத் தளமும் அச்சு அசல் ஓப்பன்சீ என்ற பெரிய என்எஃப்டி சந்தைத் தளம் மாதிரியே இருந்தது. மின்ட் செய்ய, அதாவது படத்தை டோக்கனாகப் பதிய, கேஸ் ஃபீ (பரிவர்த்தனைக் கட்டணம்) என்று ஒரு வாலட் (கிரிப்டோ பணப்பை) முகவரியைக் காட்டி 0.2 ஈதர் கேட்டது. அனுப்பினேன். அன்று இரவே ஐந்தும் விற்றுவிட்டதாகக் காட்டி, கணக்கில் 10 ஈதர் இருப்பு வந்தது. எடுக்கப் போனால் கமிஷன் 0.5 ஈதர் முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். இருப்பிலேயே கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். "சிஸ்டம் அனுமதிக்காது" என்று பதில். பத்திலிருந்து அரையைக் கழிக்கத் தெரியாத சிஸ்டம்!

உடனே, எத்தீரியம் பரிவர்த்தனைகளை யாரும் பார்க்கக்கூடிய ஈதர்ஸ்கேன் தளத்தில் தேடினேன். நான் அனுப்பிய ஈதர் மட்டும் அங்கே இருந்தது: அந்த வாலட்டுக்குப் போய், கொஞ்ச நேரத்திலேயே இன்னொன்றுக்குத் தாவியிருந்தது. என் குதிரைகளில் ஒன்றுகூட டோக்கனாகப் பதிவாகவில்லை. விற்பனை, இருப்பு எல்லாமே அந்தப் பக்கத்தில் எழுதிவைத்த வெறும் எண்கள். பீப்பிள் படத்தின் டோக்கனை இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் ஈதர்ஸ்கேனில் பார்க்கலாம். பிளாக்செயினில் பதியாமல் எந்த என்எஃப்டியும் கைமாற முடியாது.

கேஸ் ஃபீ தளத்துக்குப் போகிற காசு இல்லை. அதில் ஒரு பகுதி எத்தீரியம் நெட்வொர்க்கிலேயே அழிக்கப்படும், மீதி பரிவர்த்தனையைச் சரிபார்த்துப் பதிகிறவர்களுக்குப் போகும். மின்ட் செய்யும்போது அந்தப் பரிவர்த்தனையோடு சேர்ந்தே உங்கள் வாலட்டில் கழியும். தனியாக ஒரு முகவரிக்கு அனுப்பச் சொன்னால் அது திருட்டு, அவ்வளவுதான். நிஜ ஓப்பன்சீயில் 2020 கடைசியிலிருந்தே கேஸ் ஃபீ கட்டாமல் படத்தை ஏற்றி விற்பனைக்கு வைக்க வழி இருந்தது. அதற்காக அங்கே எல்லாம் சுத்தம் என்று அர்த்தமில்லை. அந்த இலவச வசதியில் உருவானவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் திருட்டுப் படம், போலித் தொகுப்பு, குப்பைதான் என்று 2022 ஜனவரியில் அவர்களே சொன்னார்கள்.

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்து, சைபர் கிரைம் போர்ட்டலிலும் புகார் கொடுத்திருக்கிறேன். பரிவர்த்தனை ஹாஷ் (அதன் அடையாள எண்), இரண்டு வாலட் முகவரி, அவனுடைய மெசேஜ் எல்லாவற்றுக்கும் ஸ்கிரீன்ஷாட் இணைத்தேன். அவன் பிளாக் செய்வதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போன ஈதரைத் திருப்ப வங்கி மாதிரி நடுவில் ஆள் கிடையாது.

நண்பர்கள் குழுவில் இதைச் சொன்னதுமே இன்னொருவன் இன்பாக்ஸில் வந்துவிட்டான். பிளாக்செயினை ஹேக் செய்து பணத்தை மீட்டுத் தருவானாம். அதற்கும் முன்பணம், அதுவும் ஈதரில்தான்.