முக்திநாத் குளிருக்கு வாத்துத் தூவி ஜாக்கெட்

புரட்டாசியில் நேபாள இமயமலையிலுள்ள முக்திநாத் கோயில் யாத்திரைக்கு அணிந்து சென்ற வாத்துத் தூவி (மேலிறகுகளுக்கு அடியில் இருக்கும் மென்மையான உள்ளிறகு) ஜாக்கெட்டைப் பற்றி, நம் தஞ்சை, கும்பகோணம் பகுதிகளிலிருந்து அங்கே புறப்படவிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். உள்ளூர்க் கடைகளில் கம்பளி ஸ்வெட்டர்தான் கிடைத்தது என்பதால் இதை இணையத்தில் வாங்கினேன்.

ஜாக்கெட்டில் தைத்திருந்த சீட்டில் 90 சதவீதம் தூவி, 10 சதவீதம் சிற்றிறகு, நிரப்புத் திறன் 650 என்று அச்சிட்டிருந்தார்கள். ஏறத்தாழ 28 கிராம் தூவி பத்தரை லிட்டர் அளவுக்கு உப்பி நிற்கும் என்பதே அந்த 650-இன் கணக்கு. இறகுக்கு உள்ளதைப் போன்ற விறைத்த நடுத்தண்டு தூவிக்குக் கிடையாது. எல்லாப் பக்கமும் விரியும் அதன் நுண்ணிழைகள் காற்றை அசையவிடாமல் பிடித்து வைக்கின்றன, அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் உடலின் சூடு வெளியேறாமல் தங்குகிறது. 3,700 மீட்டருக்கு மேலுள்ள முக்திநாத்திலும், வழியில் காளி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கில் பிற்பகலில் வீசும் கடுங்காற்றிலும் மார்பும் முதுகும் கதகதப்பாகவே இருந்தன. தையல் கோடுகளில் தூவி நிற்பதில்லை. குளிர் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது.

இதன் பெரிய பலவீனம் ஈரம். கோயிலின் 108 தாரைகளில் நீராடிவிட்டு ஈரத் தலையோடு அணிந்துகொண்டபோது, கழுத்துப் பட்டைக்குள் இருந்த தூவி சிறு உருண்டைகளாகத் திரண்டு, அந்த இடம் வெறும் துணியாகத் தட்டையாகிவிட்டது. அறுவடை முடிந்த நம் வயல்களில் மேயும் வாத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. மேலிறகுகள் நெருக்கமாகக் கோத்துக்கொண்டிருப்பதோடு, வாலடியில் சுரக்கும் எண்ணெயையும் அது அலகால் நீவிக்கொள்வதால், நீர் அடித்தூவி வரை இறங்குவதில்லை. ஆட்டு ரோமமோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் ஓரளவு சூடு தரும். எனவே ஜாக்கெட்டுக்குள் கம்பளிச் சட்டை ஒன்று அவசியம்.

முழங்கைத் தையலில் சிற்றிறகுகளின் கூரிய காம்புகள் எட்டிப் பார்க்கின்றன. அவற்றை வெளியே இழுத்தால் துளை பெரிதாகும். துணியின் உட்புறமாகப் பிடித்து உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஊர் திரும்பிய பிறகுதான் கவனம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. உடன் வந்த சிறு பையிலேயே அமுக்கி வைத்தால் தூவி நசுங்கி உப்பும் திறனை இழக்கும், நம் ஐப்பசி அடைமழையின் ஈரக்காற்றில் நாற்றமும் பிடிக்கும். நன்றாக உலர்த்தி, அலமாரியில் தளர்வாகத் தொங்கவிடுவதே முறை.

வறண்ட குளிருக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். மழையோ ஈரப்பனியோ எதிர்ப்படும் பயணமென்றால், எடை சற்றுக் கூடினாலும், நனைந்த பிறகும் ஓரளவு உப்பி நிற்கும் செயற்கை இழை ஜாக்கெட்டையே தேர்ந்தெடுங்கள்.