தூண்டிலுக்கு உயிர்ப்புழு: வாங்கும்போது பார்க்க வேண்டியதும், வாரக்கணக்கில் கெடாமல் வைக்கும் முறையும்

உயிருள்ள ஈப்புழுவை சீசன் சீசனாக வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று சீக்கிரமே புரிந்துவிடும். புழு கெடுவதற்கு வயதைவிடக் குவியல்தான் பெரிய காரணம். ஒரே நாளில் வாங்கிய புழுவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஆழமான டப்பாவில் கழுத்துவரை நிரப்புங்கள். மறுபாதியை அகலமான டப்பாவில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். இரண்டும் ஒரே ஃப்ரிட்ஜில், ஒரே தட்டில் இருந்தாலும் முதல் டப்பா சில நாளிலேயே நாற ஆரம்பிக்கும். இரண்டாவது டப்பா இரண்டு வாரம் ஓடும்.

புழுக்கள் ஒன்றின்மேல் ஒன்று நெளியும்போது அவற்றின் உடலே சூட்டைக் கிளப்புகிறது. குவியலின் நடுவில் கையை விட்டால் விளிம்பைவிடச் சூடாக இருப்பது தெரியும். அந்தச் சூட்டில் புழு வியர்க்கும், கழிவு கூடும், அமோனியா நெடி ஏறும். ஈரமும் அமோனியாவும் சேர்ந்தால் அடியில் இருக்கும் புழு மூச்சுமுட்டிச் சாகும். செத்த புழு இன்னும் ஈரத்தை விட, சங்கிலி தொடரும். ஃப்ரிட்ஜின் குளிர் டப்பாவின் சுவரைத்தான் முதலில் தொடும். கனமான குவியலின் நடுவுக்கு அது போய்ச் சேர வெகுநேரமாகும்.

வாங்குவதிலிருந்து ஆரம்பிக்கலாம். கடையில் கிடைப்பது மூன்று வகை. பெரிய புழு நீல ஈயினுடையது. முள்ளில் கோர்ப்பதற்கு இதுதான். அதைவிடச் சிறியதும் துறுதுறுவென்று நெளிவதும் பச்சை ஈயின் புழு. ஆங்கிலத் தூண்டில்காரர்கள் இதைப் பிங்கி என்பார்கள். எல்லாவற்றிலும் சிறியது வீட்டு ஈயின் புழு, பெயர் ஸ்குவாட். இது பெரும்பாலும் மீனைக் கூட்டத் தண்ணீரில் தூவுவதற்கு. பிரிட்டனில் இவற்றைப் பைண்ட் கணக்கில் அளந்து விற்கிறார்கள். ஒரு பைண்ட் 568 மில்லி. மரத்தூளோடு சேர்த்து அளக்கிறாரா, சலித்துவிட்டு அளக்கிறாரா என்று கவனியுங்கள். தூள் மிதமிஞ்சி இருந்தால் வாங்குவதில் ஒரு பங்கு தூள்தான்.

நான்கைந்து புழுவை உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கூரான முனை தலை. தடித்த, வெட்டிவிட்டது போன்ற முனையில் கண்போல இரண்டு பழுப்புப் புள்ளிகள் தெரியும். அவை கண்ணல்ல, மூச்சுத் துளைகள். தலைக்குச் சற்றுப் பின்னால் தோலுக்கடியில் கருப்பாக ஒரு பொட்டு தெரிய வேண்டும். புழு கடைசியாகத் தின்ற தீனி அங்கே தங்கியிருக்கிறது. பொட்டு பெரிதாக இருந்தால் புழு புதியது, தோல் மெத்தென்றிருக்கும். பொட்டு சிறுத்து மறைய மறையப் புழு கூட்டுப்புழுவாகும் கட்டத்தை நெருங்குகிறது. தோல் ரப்பர் போலத் தடிக்கும், முள் குத்தினால் வழுக்கும். பொட்டே இல்லாத புழுவை நீண்ட நாள் சேமிப்புக்கு வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் சரி. கூட்டுப்புழு எடுக்கத்தான் வேண்டும் என்றால் அது வேறு கணக்கு; அதைப் பிறகு பார்ப்போம்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தரும் புழு செத்ததுபோல அசையாமல் கிடக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கையை மூடி ஒரு நிமிடம் வைத்திருந்தால் நெளிய ஆரம்பிக்கும். ஆரம்பிக்காமல் நீளமாக, தளர்ந்து தொங்கினால் காற்றில்லாமல் இருந்திருக்கிறது. சில சமயம் பிழைக்கும், பல சமயம் பிழைக்காது. டப்பாவை முகர்ந்து பாருங்கள். லேசான வாடை இயல்பு. மூக்கைக் குத்தும் நெடி என்றால் விட்டுவிடுங்கள். தூள் கையில் ஒட்டும் அளவுக்கு ஈரமாக இருந்தாலும் அப்படியே.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை, சிவப்பு, வெண்கல நிறம் எல்லாம் கிடைக்கும். சாயம் ஏற்றுவதுதான் வழக்கம். வெண்கல நிறத்துக்கு ஒரு காலத்தில் கிரிசாய்டின் என்ற சாயத்தைப் போட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனில் அதற்கும் தூண்டில்காரர்களின் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. கையில் சாயம் பிடிக்கிற புழுவை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. வெள்ளைப் புழுவில் மஞ்சள் தூளைக் கலந்தால் நிறமும் ஏறும், நெடியும் அடங்கும். ஒரு பைண்டுக்கு ஒரு டீஸ்பூன் போதும். அதற்கு மேல் போட்டால் விரல்தான் மஞ்சளாகும்.

வாங்கி வந்த அன்றே சலித்துவிட வேண்டும். சோம்பலில் தள்ளிப்போடும் வேலை இதுதான். பின்னால் வரும் பிரச்சினைகளில் பாதி இதனால்தான். முதலில் நெருக்கமான சல்லடையில் தட்டிப் பழைய தூளையும் அழுக்கையும் கொட்டுங்கள். பிறகு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையை ஒரு தட்டின்மேல் வைத்து, அதில் புழுவை மெல்லிய அடுக்காகப் பரப்பிவிட்டு ஒதுங்கிவிடுங்கள். உயிருள்ள புழு தானாகவே நெளிந்து கீழே இறங்கும். செத்ததும், தோலும், கூட்டுப்புழுவும் மேலே தங்கும். புழுவுக்கு வெளிச்சம் பிடிக்காது. மேலே ஒரு விளக்கை எரியவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். கையால் தேய்த்துத் தள்ளாதீர்கள். தேய்த்தால் செத்ததும் சேர்ந்து இறங்கிவிடும், நல்ல புழுவின் தோலும் கிழியும்.

இறங்கிய புழுவோடு புதிய தூள் சேருங்கள். காய்ந்த நைஸான மரத்தூள் ஈரத்தை நன்றாக உறிஞ்சும், சேமிப்புக்கு அது போதும். ஆனால் தண்ணீரில் தூவும்போது தூள் மிதந்து புழுவையும் இழுத்துப் போகும் என்பதால், தூண்டிலுக்குக் கிளம்பும் முன் அதைச் சலித்துவிட்டு மக்காச்சோள மாவுக்கு மாற்றுவது நல்லது. தவிடும் பரவாயில்லை, நனைந்தால் மட்டும் கட்டிகட்டும். ஒரு பைண்டுக்கு இரண்டு கைப்பிடி மாவு கணக்கு. தைலமரம், வேம்பு போன்ற வாசமுள்ள மரத்தூளைத் தவிர்த்துவிடுங்கள்.

டப்பா அகலமாக, உயரம் குறைந்ததாக இருக்கட்டும். விளிம்பு உள்பக்கம் மடிந்திருந்தால் இன்னும் நல்லது. காய்ந்த புழு வழுவழுப்பான பிளாஸ்டிக் சுவரில் ஏறாது. உடம்பில் ஒரு துளி ஈரம் இருந்தால் கண்ணாடிச் சுவரிலும் ஒட்டிக்கொண்டு ஏறிவிடும். மூடியின் உட்புறம் நீர் கோர்த்துச் சொட்டினால் தப்பிக்கிற வழி திறந்துவிட்டது என்று அர்த்தம். மூடித் துளைகளின் அளவும் முக்கியம். பெரிய புழுவுக்கான மூடி வழியாகப் பிங்கி வெளியேறிவிடும், ஏறுவதில் அது கெட்டிக்காரப் புழு. பிங்கிக்கு நெருக்கமான துளை வேண்டும், அல்லது துளைமேல் நைலான் வலைத்துணி ஒட்ட வேண்டும்.

ஃப்ரிட்ஜ் 1 முதல் 3 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் நீல ஈயின் புழு ஏறக்குறைய உறங்கிவிடும். நல்ல புழு இரண்டு மூன்று வாரம் தாங்கும். சமையலறை ஃப்ரிட்ஜ் பெரும்பாலும் 4, 5 டிகிரியில் ஓடுவதால் அங்கே பத்து நாள் என்று வைத்துக்கொள்வது பத்திரம். ஃப்ரிட்ஜ் திருகியில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பாமல் டப்பா இருக்கும் இடத்தில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். கதவுத் தட்டு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடாகும். பின்சுவரை ஒட்டிய இடம் உறைந்து புழுவைக் கொன்றுவிடும். நடுத்தட்டுதான் சரி. பழைய சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்றைப் புழுவுக்கென்றே ஒதுக்க முடிந்தால், இந்த வேலையில் செய்யும் மற்றெல்லாச் செலவையும்விட அது உருப்படியானது. வீட்டில் அமைதியும் நிலவும்.

உள்ளே வைத்துவிட்டு மறந்துவிட முடியாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து, அடியிலிருந்து மேலாகக் கிளறி, மூடியின் நீரைத் துடைத்து, தூள் நசநசத்திருந்தால் மாற்றுங்கள். நான்கைந்து டப்பா அடுக்கிய சின்ன ஃப்ரிட்ஜில் காற்றும் குறையும். தினமும் ஒரு நிமிடமாவது கதவைத் திறந்துவையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சல்லடை.

ஸ்குவாட் இந்தக் கணக்கில் வராது. அதை ஈர மணலில் வைக்க வேண்டும், மணல் காய்ந்தால் சுருங்கிவிடும். கடுங்குளிரும் அதற்கு ஆகாது. வாங்கிய ஓரிரு நாளில் தீர்த்துவிடுவதே மேல்.

தூண்டில் போடக் கிளம்பும் நாளில் நடக்கும் தவறு வேறு. குளிர்ந்த டப்பாவை வெயிலில் திறந்ததும் காற்றிலுள்ள ஈரம் புழுமேல் பனித்துவிடும். பத்து நிமிடத்தில் எல்லாம் சுவரேறும். டப்பா வெளிச்சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள், திறந்ததும் ஒரு பிடி மாவைத் தூவுங்கள். மழை பெய்தாலும் இதே மருந்து. மூடிய காரில் டப்பாவை விட்டுப் போனால் ஒன்று வெந்துவிடும், இல்லையென்றால் சடசடவென்று கூட்டுப்புழுவாகும். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, டப்பாவோடு தொடாமல், வெப்பம் தாங்கும் பையில் வைத்தால் ஒரு பகல் ஓடும். காரில் தப்பிய புழுவைப் பற்றி இப்போது கவலை வராது. இரண்டு வாரம் கழித்து இருக்கைக்கு அடியிலிருந்து ஈயாக வரும்.

கோர்ப்பது தடித்த முனையில். விரலால் லேசாக அழுத்தினால் அங்கே இருக்கும் இரண்டு பழுப்புப் புள்ளிகளுக்கு இடையே தோல் மடிப்பு பிதுங்கும். முள்முனை அந்த மடிப்பை மட்டும் துளைத்து வெளியே வர வேண்டும். ஆழமாகக் குத்தினால் உள்ளிருக்கும் சாறு வடிந்து, தண்ணீரில் வெறும் தோல்தான் ஆடும். ஒரு புழுவுக்கு 18 அல்லது 20 நம்பர், இரண்டு புழுவுக்கு 16 நம்பர் முள் (நம்பர் குறையக் குறைய முள் பெரிதாகும்), அதுவும் மெல்லிய கம்பியில் செய்தது. தடித்த கம்பி முள் எவ்வளவு கூராக இருந்தாலும் புழுவைக் கிழித்துவிடும். தக்கைக்குக் கீழே தூவுவது அடிக்கடியும் கொஞ்சமாகவும் இருக்கட்டும், ஒரு வீச்சுக்கு ஐந்தாறு புழு.

பொட்டு மறைந்த புழு வீணல்ல. அதைக் குளிரிலிருந்து எடுத்து அறைச்சூட்டில் பரப்பி வைத்தால் ஓரிரு நாளில் கூட்டுப்புழுவாக மாற ஆரம்பிக்கும். ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை சலித்து, மேலே நிற்பதை எடுத்துவிடுங்கள். இளமஞ்சளிலிருந்து செம்மஞ்சள்வரை இருப்பது தண்ணீரில் மூழ்கும், கருஞ்சிவப்பானது மிதக்கும். நிறத்தைப் பார்த்து ஊகிக்காமல் ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மூழ்குவதைக் காற்றை வெளியேற்றிய பையில் கட்டி ஃப்ரிட்ஜில் வைத்தால் நிறம் கருக்காமல் நிற்கும். தினமும் ஒருமுறை பையைத் திறந்து காற்று காட்டாவிட்டால் உள்ளே செத்துப் புளித்துவிடும். புளித்ததைத் தூவினால் மீன் கூடுவதற்குப் பதில் விலகிவிடும்.

மிஞ்சிய நல்ல புழுவைப் பையில் அடைத்து ஃப்ரீசரில் போடலாம். செத்த புழு சேற்றில் புதைந்து ஒளியாது; அடியில் மேயும் மீனுக்கு அதுவே வசதி. உருகிய பிறகு சில மணிநேரத்தில் கருக்கும் என்பதால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் சின்னச் சின்னப் பையாகக் கட்டுங்கள். தலைகீழ்த் தந்திரமும் உண்டு. டப்பாவில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றிப் புழுவை அதில் கால்மணி நேரம் விட்டால் காற்றை உள்ளிழுத்து மிதக்க ஆரம்பிக்கும். அப்படி மிதக்கும் ஒரு புழு முள்ளின் கனத்தைக் குறைத்து இரையை அடியிலிருந்து சற்றே தூக்கி நிறுத்தும். டப்பா மூடியிருக்கட்டும், ஈரப்புழு எப்படி ஏறும் என்று முன்பே பார்த்தோம்.

கெட்டுப்போன புழுவைக் கரையில் கொட்டாதீர்கள். உறையவைத்துக் கட்டிக் குப்பையில் போடுங்கள். சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குளிரில் விறைத்த புழுவை வாயில் வைத்துச் சூடாக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது, அதை விட்டுவிடலாம். காலி டப்பாவை வெந்நீரில் அலசி, வாசனைச் சோப்பு போடாமல், மூடியைக் கழற்றி வெயிலில் காயவைக்க வேண்டும். விளிம்பு மடிப்புக்குள் ஒன்றிரண்டு கூட்டுப்புழு ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய பல்துலக்கியால் அதைத் தேய்த்தெடுத்த பிறகே அடுத்த புழுவை நிரப்புங்கள்.