வீட்டில் நிற்கும் சைக்கிளுக்கு என்ன பூட்டு? பல வருடப் பயன்பாட்டில் கண்டது

சைக்கிள் திருட்டு என்றாலே கடைவீதி, ரயில் நிலைய வாசல் என்றுதான் நினைப்போம். ஆனால் ஒரு சைக்கிள் அதிக நேரம் நிற்பது வீட்டில்தான். அதுவும் இரவு முழுக்க, தினமும் அதே இடத்தில். நோட்டம் விடுகிறவனுக்கு இன்று முடியாவிட்டால் நாளை வரலாம், எந்தக் கருவி வேண்டும் என்று பார்த்துவிட்டுப் போய் எடுத்துக்கொண்டும் வரலாம். இதனால்தான், வெளியே போகும்போது கையில் வைத்திருக்கும் பூட்டே வீட்டுக்கும் போதும் என்பதை நான் ஏற்பதில்லை.

எங்கள் வீட்டுச் சைக்கிள்கள் நிற்பது அடுக்குமாடியின் பொதுவான கீழ்த்தளத்தில். தரையில் ஓர் இரும்பு ஆங்கர் (போல்ட் போட்டுப் பதித்த பூட்டு வளையம்), அதில் கோத்த 16 மி.மீ. சங்கிலி, கனமான ஒரு பூட்டு, கூடவே ஒரு யூ லாக் (ஆங்கில U வடிவ எஃகுப் பூட்டு). பல வருடங்களாக இதே ஏற்பாடுதான்.

முதலில் சங்கிலி. மீட்டருக்குக் கிட்டத்தட்ட 5 கிலோ எடை. இதைச் சுமந்துகொண்டு யாரும் ஊர் சுற்ற முடியாது. ஆனால் வீட்டில் சுமக்கவே வேண்டாமே! சங்கிலி எப்போதும் ஆங்கரிலேயே கிடக்கும், சைக்கிள்தான் போய் வரும். வீட்டுப் பூட்டில் நமக்குக் கிடைக்கும் பெரிய வசதி இதுதான், பலர் இதைப் பயன்படுத்திக்கொள்வதே இல்லை. மெல்லிய கேபிள் லாக்கை ஒரு சாதாரண கம்பி வெட்டியே முடித்துவிடும். 10 மி.மீ. சங்கிலி, நீளக் கைப்பிடிகள் கொண்ட பெரிய வெட்டியான போல்ட் கட்டருக்குத் தாங்காது. கடினப்படுத்திய எஃகில் 16 மி.மீ. வந்துவிட்டால் கையால் இயக்கும் கட்டர் அநேகமாகத் தோற்றுவிடும்.

இதில் தடிமன் அளவுக்கு முக்கியமானது சங்கிலி எங்கே தொங்குகிறது என்பது. தரையில் தொய்ந்து கிடந்தால், கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மற்றதன் மேல் ஆள் தன் முழு எடையையும் போட்டு அழுத்தலாம். சுத்தியலால் அடிக்கவும் தரையே பட்டறைக்கல்லாகிவிடும். அதனால் தொய்வே இல்லாமல் இழுத்து, இடுப்புயரத்துக்குப் பக்கமாகப் பூட்டுங்கள். தரை ஆங்கராக இருந்தால் மிச்சமுள்ள கண்ணிகளைச் சைக்கிளின் ஃப்ரேமில் இன்னொரு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.

இரும்பை அறுக்கும் கிரைண்டர் விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. சுழலும் வட்டால் எஃகை அறுக்கும் ஆங்கிள் கிரைண்டர் பேட்டரியில் ஓடும்படி வந்த பிறகு, நேரம் கொடுத்தால் வெட்ட முடியாத எஃகுச் சங்கிலி என்று ஒன்று கிடையாது. தடித்த கண்ணியில் ஒரு பக்கத்தை வெட்டினால் விரியாது, இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும். அதற்கே சில நிமிடம், அத்தனை நேரமும் காதைக் கிழிக்கும் சத்தமும் தீப்பொறியும். அண்மை வருடங்களில் பீங்கான் கலவை கொண்ட யூ லாக்குகள் வந்திருக்கின்றன. அவற்றின் மேல் வைத்தால் கிரைண்டர் வட்டே தேய்ந்து தீர்ந்துபோகும். விலை அதிகம், ஆனால் விலையுயர்ந்த சைக்கிள் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். மற்றவர்களுக்கு நான் சொல்வது, சத்தம் யார் காதிலாவது விழுகிற இடத்தில் சைக்கிளை நிறுத்துங்கள். யாரும் எட்டிப் பார்க்காத பின்பக்கக் கொட்டகையில் எந்தப் பூட்டும் பாதி பலம்தான்.

இனி ஆங்கர். என் அனுபவத்தில் வீட்டுப் பாதுகாப்பில் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். கெட்டியான கான்கிரீட் தரை அல்லது சுவர் என்றால் முறுக்க முறுக்கத் துளைக்குள் விரியும் போல்ட் நன்றாகப் பிடிக்கும். உள்ளே பொந்துள்ள செங்கல்லோ பிளாக்கோ என்றால் அதே போல்ட் நாலு ஆட்டு ஆட்டினால் கையோடு வந்துவிடும். அங்கே கெமிக்கல் ஆங்கர், அதாவது துளைக்குள் பசையை நிரப்பிக் கம்பியைப் பதிக்கும் முறை, ஓரளவு கைகொடுக்கும். முடிந்தால் பக்கத்தில் கான்கிரீட் தூண் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரத்தை ஒட்டித் துளை போடாதீர்கள், போல்ட் விரியும்போது கான்கிரீட் பிளந்துவிடும். துளை போட்டதும் உள்ளே தங்கும் மாவு போன்ற தூசியை ஊதி, பிரஷ் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். தூசியோடு மாட்டினால் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

எங்கள் ஆங்கரோடு வந்த எஃகுக் குண்டுகள் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. போல்ட்டை முறுக்கி முடித்ததும், ஆலன் கீ நுழையும் அந்த ஆறு பக்கக் குழியில் குண்டை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டும். முதல் அடியில் வாய்க்குள் பாதி இறங்கும். இரண்டு மூன்று அடியில் விளிம்போடு சமமாகி, விரலால் தடவினால் ஒரு வழவழப்பு மட்டும்தான் மிஞ்சும். அதன் பிறகு எந்தச் சாவியும் உள்ளே போகாது, நம்மாலும் கழற்ற முடியாது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு அடியுங்கள். அப்புறம், பொதுத் தளம் என்றால் குடியிருப்போர் சங்கத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவிடுவது நல்லது.

மாடிப்படிக் கைப்பிடியில் பூட்டுவதை மட்டும் யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலும் அது உள்ளீடற்ற மெல்லிய குழாய். அதைவிட முக்கியம், தீப்பிடித்தால் எல்லோரும் ஓடி இறங்கும் வழி அது. கனமான சங்கிலியில் கட்டுண்ட சைக்கிளை அந்த நேரத்தில் யாராலும் நகர்த்த முடியாது.

பூட்டின் சாவிப் பகுதியையும் கவனிக்க வேண்டும். 2004இல், வட்டமான குழாய்ச் சாவி போடும் சைக்கிள் பூட்டுகளைச் சாதாரண பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயால் திறக்கும் காணொளி பரவி, உலகம் முழுக்கப் பரபரப்பானது. எஃகு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சாவித்துளை ஏமாற்றிவிடும் என்பதற்கு அது போதும். நான் பயன்படுத்துவது தட்டு வட்டுகள் சுழலும் வகை. 1907இல் பின்லாந்தில் உருவான அமைப்பு அது. சுருள்வில் கிடையாது என்பதால் தூசிக்கும் ஈரத்துக்கும் லேசில் சிக்குவதில்லை. சாவித்துளை தரையைப் பார்க்கும்படி பூட்டுவேன், தண்ணீர் உள்ளே தங்காது. எண்ணெய்க்குப் பதிலாக உலர் மசகுதான் விடுகிறேன். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டிச் சேறாகிவிடும்.

நாள்பட்ட பயன்பாட்டில் தெரியவந்த ஒரே உண்மையான குறை, சங்கிலியைப் போர்த்தியிருக்கும் துணி உறை. புதிதில் பெயின்ட்டைக் காப்பாற்றுகிறது. நாளாக ஆக, நெசவுக்குள் மணல் புகுந்து உப்புத்தாள்போல ஃப்ரேமைத் தேய்க்க ஆரம்பிக்கிறது. மேல் குழாயில் பளபளப்பு மங்கியிருப்பதைப் பார்த்த பிறகு, சங்கிலி படும் இடத்தில் பழைய டியூபை வெட்டிச் சுற்றிவிட்டேன். உறையையும் அவ்வப்போது கழற்றித் துவைக்கிறேன்.

யூ லாக் பின்சக்கரத்துக்கும் ஃப்ரேமுக்கும் சேர்த்து. குவிக் ரிலீஸ், அதாவது கையால் திருப்பும் நெம்புகோல், உள்ள முன்சக்கரத்தைக் கருவியே இல்லாமல் கழற்றிவிடலாம், அதனால் அந்த நெம்புகோலை மாற்றி, தனிச்சாவி போட்டால்தான் திரும்பும் அச்சைப் போட்டிருக்கிறேன். சீட்டுக்கும் அப்படியே.

பொருள் எங்கே இருக்கிறது என்று போனில் காட்டும் ஏர்டேக் போன்ற கருவிகளை முழுசாக நம்ப வேண்டாம். யாரையும் ரகசியமாகப் பின்தொடரக் கூடாது என்பதற்காக, அது கூடவே வருவதை எடுத்துப்போகிறவரின் போனுக்கே சொல்லிவிடும் ஏற்பாடு அதில் உண்டு. தேடிக் கழற்ற அவருக்கு அது போதும். ஸ்ட்ராவா என்ற செயலியில் சைக்கிள் பயணங்களைப் பதிகிறவர்கள், தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மறைக்கும் வசதியை இன்றே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் நல்ல சைக்கிள் எந்த வாசலில் நிற்கிறது என்று வரைபடமே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னும் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தால், பெடல் அச்சு இருக்கும் பகுதிக்கு அடியில் பெரும்பாலும் ஒரு எண் பொறித்திருக்கும். அழுக்கைத் துடைத்து, வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய ரசீதோடு அதை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்தால் போன் தொலைந்தாலும் கையில் இருக்கும். புகார் கொடுக்கவும், காப்பீடு கேட்கவும், கண்டெடுத்த சைக்கிள் உங்களுடையது என்று காட்டவும் அந்த எண்தான் வேண்டும்.