பிரெப் நினைவூட்டும் குறுஞ்செய்திச் சேவை: நான்கு ஆண்டு அனுபவம்

லாஸ் ஏஞ்சலஸில், மெக்சிகோ வழிவந்தோர் நிறைந்த பாயில் ஹைட்ஸ் பகுதியில் எச்.ஐ.வி. தடுப்பு ஆலோசகராக இருக்கிறேன். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க முன்கூட்டியே எடுக்கும் பிரெப் மாத்திரையை எடுத்துக்கொள்ளும் தன்பாலீர்ப்பு ஆண்களுக்கு ஸ்பானிய மொழியில் குறுஞ்செய்தி அனுப்பும் சேவையை எங்கள் கிளினிக்கில் நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறோம். ஹூஸ்டனில் இதே வேலையில் இருக்கும் தோழி, தாங்களும் இதை வாங்கலாமா என்று போன வாரம் கேட்டாள்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். லத்தீன் அமெரிக்க வழிவந்த தன்பாலீர்ப்பு ஆண்களில் நால்வரில் ஒருவருக்கு வாழ்நாளில் எச்.ஐ.வி. தொற்றக்கூடும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2016இல் கணித்தது. பிரெப் அந்த வாய்ப்பை ஏறத்தாழ 99 சதவீதம் குறைக்கும், நாள் தவறாமல் எடுத்துக்கொண்டால். உணவகத்தில் பாத்திரம் கழுவும் இளைஞர் ஒருவர், நேரில் வந்தால் தரையைப் பார்த்தபடி இரண்டு சொல்லுக்கு மேல் பேசாதவர், ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு எங்கள் வாராந்தர விசாரிப்புக்குப் பதில் எழுதினார்: அறைத்தோழர்கள் மருந்துக் குப்பியைப் பார்த்துவிட்டார்கள், மூன்று நாளாக மாத்திரை எடுக்கவில்லை. மறுநாளே வரவழைத்துப் பரிசோதனை செய்து, சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளும் பெயரில்லாத சின்ன டப்பி ஒன்றைக் கொடுத்தோம். கைபேசி இல்லாதிருந்தால் அவரை இழந்திருப்போம்.

என்னை இன்றுவரை வாட்டுவது எழுத்துச் சிக்கல். ஸ்பானியத்தில் உயிரெழுத்தின் தலையில் இடும் சாய்கோடு, குறுஞ்செய்தியின் அடிப்படை எழுத்துத் தொகுப்பில் 'எ' ஒன்றுக்குத்தான் உண்டு. மற்ற நான்கில் ஒன்று வந்துவிட்டாலும் 160 எழுத்துக்கான இடம் 70 ஆகச் சுருங்கிவிடும். தமிழில் குறுஞ்செய்தி அனுப்பிப் பழகியவர்களுக்கு இந்த 70 நன்றாகவே தெரியும். செய்தி துண்டாகி, சிலருடைய பழைய கைபேசியில் பின்பாதி முன்னால் வந்து, பூட்டிய திரையிலேயே நோயின் பெயரைக் காட்டியது. சாப்பாட்டு மேசையில் கிடந்த கைபேசியில் அதைத் தாய் படித்துவிட்டதாக ஒருவர் வந்து அழுதார்.

முறையிட்டதற்கு நிறுவனம் செய்த திருத்தம் சாய்கோடுகளை எல்லாம் நீக்கியதுதான். 'தோமோ' என்ற சொல்லின் கடைசி எழுத்தில் கோடு இருந்தால் 'எடுத்துக்கொண்டீர்களா'. கோடு போனால் 'நான் எடுக்கட்டுமா'. உங்கள் மாத்திரையை நான் எடுக்கட்டுமா என்று கேட்கும் கிளினிக்கை யார் நம்புவார்கள்? தன் மொழியை மதித்து எழுதாதவர்கள் தன் ரகசியத்தை மட்டும் காப்பார்களா என்று எங்களிடம் வருபவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

மாத்திரைக்குப் பதிலாக, 2021இல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்கும் 2025இல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டதே என்பார்கள். எங்களிடம் வருவோரில் பெரும்பாலோர் இன்னும் மாத்திரையில்தான் இருக்கிறார்கள், ஊசிக்கும் நாள் நினைவூட்டத்தான் வேண்டும்.

தோழிக்கு வாங்காதே என்றே எழுதிவிட்டேன். எங்கள் கிளினிக்கில் இதை நிறுத்தச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. செய்திகளை இப்போது நானே எழுதுகிறேன்: சாய்கோடுகளோடு, நோயின் பெயரோ மருந்தின் பெயரோ இல்லாமல், 70 எழுத்துக்குள்.