12 போர் தோட்டா: ஆறு காலபோகம் பாவித்துப் பார்த்ததில்

வன்னியில் நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் பயிர்க்காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு 12 போர் (போர் என்பது குழலின் விட்ட அளவு) துவக்கு வைத்திருப்பவர்கள் தோட்டா பற்றிக் கேட்கிற முதல் கேள்வி, எந்தக் கொம்பனியுடையது நல்லது என்பதுதான். ஆறு காலபோகத்தில் (மாரிகால நெற்செய்கை) பார்த்தவரை பெட்டியிலுள்ள பெயர் கடைசி விசயம். தோட்டா துவக்கின் அறைக்கு (குழலின் பின்முனையில் தோட்டா இருக்கிற இடம்) பொருந்துகிறதா, அது இவ்வளவு நாளும் எங்கே கிடந்தது, இந்த இரண்டும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

நீளத்தில் ஏமாறுவது சுலபம். பெட்டியில் 70 மி.மீ. என்றிருக்கும், அளந்தால் 58 அளவுதான் வரும். அந்த 70 என்பது வெடித்து, வாய் மடிப்பு விரிந்த பிறகு கோதின் (தோட்டாவின் வெளிக்கூடு) நீளம். பழைய இங்கிலாந்துத் துவக்குகள் பலவற்றின் அறை 65 மி.மீ., அதாவது இரண்டரை அங்குலம். 70 தோட்டா அதற்குள் அலுங்காமல் போய் இருக்கும், துவக்கும் பூட்டும். வெடிக்கும்போதுதான் மடிப்பு விரிய இடமில்லாமல் முன்னாலுள்ள ஒடுக்கத்துக்குள் இறுகி, சன்னம் (உள்ளேயுள்ள சிறு குண்டுகள்) அதற்குள்ளால் பிதுங்கிப் போகும். அமுக்கம் ஏறும், தோளில் அடி கூடும். வெடித்த கோதின் வாய் நார்நாராய்க் கிழிந்து வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். குழலைக் கழற்றித் திருப்பினால் அடியில் முத்திரைகள் தெரியும். பர்மிங்ஹாம் துவக்கில் முடியின் கீழ் பி.என்.பி. என்ற எழுத்து இருந்தால் புகையில்லா மருந்துக்கு (இன்றைய தோட்டாவின் வெடிமருந்து) சோதித்தது. பாம்புத்தோல் மாதிரி வரிவரியாகத் தெரிகிற முறுக்குக் குழலில் அப்படியான முத்திரை இல்லையென்றால், இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது. சுவரில் தொங்கட்டும்.

கோது பிளாஸ்ரிக்காக இருப்பது நல்லது. கடதாசிக் கோது மார்கழி ஈரத்தில் ஊதும். அரை மில்லிமீற்றர் ஊதினாலே அறைக்குள் போகாது, போனாலும் வெடித்த பிறகு வராது. பிளாஸ்ரிக் ஊதாது. ஆனால் அதை நம்பித் தோட்டாவைச் சேட் பொக்கற்றில் போட்டுக்கொண்டு மழையில் வரம்பு சுற்றினால், வாய் மடிப்பாலும் பின்னாலுள்ள கேப்பின் (அடிபட்டு மருந்தைப் பற்றவைக்கிற பகுதி) ஓரத்தாலும் ஈரம் இறங்கும்.

எங்கள் பக்கம் மழையைத்தான் எல்லோரும் பழி சொல்கிறார்கள். கச்சான் காற்றடிக்கிற மாதங்களின் சூடு அதைவிடப் பெரிய எதிரி. புகையில்லா மருந்தின் அடிப்படையான நைற்ரோசெலுலோஸ் தானாகவே மெல்ல மெல்லச் சிதையும். அதைத் தடுக்க ஒரு நிலைப்படுத்தி சேர்த்திருப்பார்கள், சூடு கூடக்கூட அது வேகமாய்த் தீரும். பகல் முழுக்கக் கொதிக்கிற தகரக் கூரைக்குக் கீழே, வளையில் செருகி வைத்த பெட்டி இரண்டு வருசத்தில் கிழடாகிவிடும். அடுப்புக்கு மேலுள்ள அட்டாளையும் அப்படித்தான். நனைந்த தோட்டாவை வெயிலில் காயப்போடுவது இன்னும் மோசம். ஈரம் போனதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது. நனைந்ததை ஒதுக்கி வைத்து, துவக்குக் கடையிலோ பொலிசிலோ கேட்டுக் கையளிப்பதுதான் சரி. ஓலைக் கூரை வீட்டில் நிலமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, பூட்டுள்ள மரப்பெட்டி, உள்ளே பொலித்தீன் பையில் தோட்டாவும் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலமும்: எங்களுக்கு இதுவரை பிழைக்காத ஏற்பாடு. துவக்கு வேறு இடத்தில் பூட்டியிருக்க வேண்டும். வாங்கிய மாதத்தைப் பெட்டியில் எழுதி, பழையதை முதலில் பாவியுங்கள்.

கெட்ட தோட்டா பேசாமல் கிடந்தால் பயமில்லை. பாதி வெடிப்பதுதான் ஆபத்து. ‘டும்’ என்று வராமல் ‘புஸ்’ என்று வந்தால், தோளில் உதைப்பும் குறைந்திருந்தால், அடைப்பான் (மருந்துக்கும் சன்னத்துக்கும் நடுவிலுள்ள தக்கை) குழலுக்குள்ளேயே நிற்கக்கூடும். பன்றி நிற்கிறதே என்று அவசரப்பட்டு அடுத்ததைப் போட்டுச் சுட்டால் குழல் புடைக்கும் அல்லது பிளக்கும், பிளக்கிற இடம் பெரும்பாலும் இடது கை பிடிக்கிற பக்கம். விசையை இழுத்தும் சத்தமே வராவிட்டால் வாயை வெறும் வயல் பக்கம் காட்டியபடி 30 விநாடியாவது, ஒரு நிமிசமென்றால் இன்னும் நல்லது, அசையாமல் நிற்க வேண்டும். பிந்தி வெடிப்பதுண்டு. பிறகு திறந்து, தோட்டாவை எடுத்து, பின்பக்கத்தால் ரோச் லைற் அடித்துக் குழல் வெளிச்சமாய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 12ஐவிட ஒடுங்கிய 20 போர் தோட்டா ஒன்று தவறி உள்ளே போனாலும் இதே கதைதான்: அது வழுக்கி முன்னே போய் நிற்கும், அறை வெறுமையாய்த் தெரியும். 20 போருக்கு மஞ்சள் நிறம் போடுகிற வழக்கம் அதற்காகத்தான். இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

சன்னத்தில் பன்றிக்கு எஸ்.ஜி. என்ற பெரிய சன்னம். 28 கிராமுக்கு 8, 32 கிராம் தோட்டாவில் 9 சன்னம் இருக்கும். சிறிய சன்னமான 4ஆம் இலக்கத்தில் 28 கிராமுக்கு ஏறத்தாழ 170. அது பன்றியின் தோலைக் காயப்படுத்தி அனுப்புமே தவிர வேறொன்றும் செய்யாது. தூரத்தைப் பழக, சீமெந்துப் பைத் தாளை விரித்துக் கட்டி, நடுவில் ஒரு சுளகளவு வட்டம் கீறி, 15, 20, 25 மீற்றரில் ஒவ்வொன்று சுட்டுப் பாருங்கள். பின்னால் குளக்கட்டு மாதிரி மண் இருக்க வேண்டும். ஒன்பதில் ஐந்து சன்னமாவது வட்டத்துக்குள் விழாத தூரத்தில் இரவில் சுடுவது வீண். ஒரே பெட்டித் தோட்டா இரண்டு துவக்கில் இரண்டு விதமாய்ப் பரவும், ஆகவே பக்கத்து வயல்காரர் சொன்ன தூரம் உங்கள் குழலுக்குப் பொருந்தாது. தவறின எஸ்.ஜி. சன்னம் 600 மீற்றர் வரையும் போகக்கூடியது. எல்லாக் காவற்கொட்டிலிலும் ஆள் இருக்கிற காலத்தில் இதை மறக்க முடியாது. யானைக்கு இது எதுவும் இல்லை. சட்டமும் விடாது, காயப்பட்ட யானை ஊரையும் விடாது. அதற்கு வனசீவராசிகள் திணைக்களம் தருகிற யானைவெடிதான்.

வெற்றுக் கோதில் திரும்ப மருந்து அடைப்பதைப் பற்றி ஒன்றே ஒன்று. வாணத்தில் பிரித்த மருந்து உராய்விலேயே தீப்பிடிக்கலாம், எவ்வளவு வேகமாய் எரியும் என்று யாருக்கும் தெரியாது. புகையில்லா மருந்தைக் கரிமருந்தின் கொள்ளளவுக்கு அளந்து போட்டால் அமுக்கம் பல மடங்கு ஏறும். அனுமதியில்லாமல் செய்வது 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்திலும் மாட்டும்.

சுட்ட இரவே குழலைத் துடையுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், இரண்டு கிழமையில் சிக்குப் பிடித்துத் துவக்கின் குதிரையை (கேப்பை அடிக்கிற உறுப்பு) இழுத்து வைக்கும். தையல் மெசின் எண்ணெய் நாலைந்து துளி போதும், அறையை மட்டும் உலர்ந்த சீலையால் திரும்பத் துடைக்க வேண்டும், எண்ணெய் கேப்புக்குள் ஊறினால் அந்தத் தோட்டா வெடிக்காது. சிறுபோகம் முழுக்கத் தொங்கிய துவக்கை எடுக்கும்போது குழலுக்குள் பார்க்காமல் தோட்டா போடாதீர்கள். குளவி உள்ளே மண்கூடு கட்டியிருக்கும். ஈர்க்கால் குத்தினால் உடையாது, மரத்தடியால் பின்பக்கமிருந்து தள்ளி எடுக்க வேண்டும்.