சட்டிக்குள் ஆச்சரியக்குறி: டொராண்டோக் குளிரும் ஒரு காற்றடிக்கும் கருவியும்

கருவியைப் பற்றிச் சொல்வதற்கு முன் அதை வாங்க வைத்த விளக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் ஒரு காலை, வெளியே மைனஸ் 18, காரைக் கிளப்பியதும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. வாய் திறந்த சட்டிக்குள் ஆச்சரியக்குறி போட்டது போல இருக்குமே, டயரில் காற்று குறைந்தால் எரிகிற விளக்கு, அதுதான். இறங்கி டயரை உதைத்துப் பார்த்தேன் (எல்லோரும் செய்வதுதான், அதில் ஒன்றும் தெரியாது), நான்கும் சரியாகத்தான் இருந்தன. 401 நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் ஓட்டியதும் விளக்கு தானாக அணைந்துவிட்டது. மறுநாள் காலை மறுபடியும் எரிந்தது. மூன்று நாள் இந்தக் கண்ணாமூச்சி.

கார் வாங்கிய இடத்துக்குப் போன் செய்தால், சென்சார் (ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் காற்றை அளக்கும் சின்னப் பொருள்) போயிருக்கும், சோதித்துப் பார்க்கவே 150 டாலர், மாற்றினால் நான்கையும் சேர்த்து மாற்றுவதுதான் நல்லது என்றார்கள். டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்கார்பரோவில் எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், முப்பது வருஷம் கராஜ் வேலை செய்தவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "தம்பி, அது சென்சர் பழுதில்லை, குளிர். முதல்ல காத்து அடிச்சுப் பாரும், பிறகு காசு செலவழிக்கலாம்."

கணக்கு இவ்வளவுதான். வெப்பம் ஏறக்குறைய ஐந்தரை டிகிரி குறைந்தால் டயரில் ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். நான் செப்டம்பரில் 22 டிகிரி இருக்கும்போது 33 வைத்தேன். மைனஸ் 18 என்றால் 40 டிகிரி வித்தியாசம், ஏழு பிஎஸ்ஐ அங்கேயே போய்விட்டது. ஓட்டையே இல்லாத டயரிலும் மாதாமாதம் கொஞ்சம் கசியும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரிந்துரைத்த அளவைவிட 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பது அமெரிக்க விதி. கனடாவில் அப்படிக் கட்டாயம் இல்லை, ஆனாலும் கார் அதே கார்தானே. 33-க்கு அந்த எல்லை 25-க்குக் கொஞ்சம் கீழே வரும். என் டயர்கள் அந்தக் காலையில் 24, 25, 24, 26. ஓட்டினால் டயர் சூடாகி இரண்டு மூன்று ஏறும், விளக்கு அணையும், இரவு நின்றால் மறுபடி இறங்கும். மர்மம் ஒன்றும் இல்லை.

சரி, காற்று அடிக்கலாம் என்று கேஸ் ஸ்டேஷனுக்குப் போனால் இயந்திரத்தின் குழாய் விறைத்துக் கம்பி மாதிரி நிற்கிறது, வாய்ப்பகுதியில் பனிக்கட்டி. போட்ட இரண்டு டாலரும் போச்சு. அந்தக் கோபத்தில் வாங்கியதுதான் இந்த 12 வோல்ட் கருவி. சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற வகை, ஐம்பது டாலருக்குள் கிடைத்தது.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. வேண்டிய அளவைத் திரையில் வைத்து பொத்தானை அழுத்தினால் அந்த அளவு வந்ததும் தானே நிற்கிறது. 24-இலிருந்து 33-க்கு ஒரு டயருக்கு நான்கு நிமிடம். கடைசி டயர் முடிந்து ஒரு கிலோமீட்டர் போவதற்குள் விளக்கு அணைந்தது, அந்தக் குளிர்காலம் முழுக்கத் திரும்ப எரியவில்லை.

குறைகளும் இருக்கின்றன. குளிரில் திரையின் எண்கள் மெதுவாக, மங்கலாக மாறுகின்றன. வயர் சுருள் பிரியவே மாட்டேன் என்கிறது. வால்வில் திருகி மாட்டுகிற வாய் என்பதால் கையுறையைக் கழற்றித்தான் ஆக வேண்டும், அந்தப் பித்தளையை வெறும் விரலால் நான்கு முறை திருகினால் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கே பிடிக்க வராது. கழற்றும்போது வேகமாகக் கழற்றாவிட்டால் அடித்ததில் கொஞ்சம் புஸ்ஸென்று போய்விடும். சத்தம் வேறு, காலை ஆறரைக்கு மிக்சியில் வெறும் கடலைப்பருப்பை அரைத்தது போல. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, அளவு தப்பாகக் காட்டுவது. அது 33 என்றபோது பேனா மாதிரி இருக்கும் சாதாரண அளவுமானி 31 என்றது. இப்போது 35 வைத்து அடிக்கிறேன். அந்தப் பேனா அளவுமானியையும் சேர்த்து வாங்குங்கள், சில டாலர்தான்.

இன்னொன்று, எவ்வளவு வைப்பது என்பதற்கு டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள், அது டயர் தாங்கும் உச்ச அளவு. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் உள்ளதுதான் உங்கள் அளவு, அதுவும் கார் மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு பார்க்க வேண்டியது. சூடான கராஜுக்குள் வைத்து அடித்துவிட்டு வெளியே எடுத்தால் மறுபடி நான்கைந்து குறையும், அதை முன்கூட்டியே கூட்டி வையுங்கள்.

இந்தக் கருவியால் ஆகாத இடமும் உண்டு. காரைக் கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிடம் போல மினுக்கி அப்புறம் நிலையாக எரிந்தால் அது காற்று அல்ல, சென்சார் பக்கத்துக் கோளாறு. சென்சாருக்குள் இருக்கும் பேட்டரி ஐந்து முதல் பத்து வருஷம்தான் வரும். விண்டர் டயரைத் தனி ரிம்மில், சென்சார் இல்லாமல் மாட்டியிருந்தாலும் இதே கதை, எத்தனை அடித்தாலும் அணையாது. நான்கில் ஒன்று மட்டும் வாராவாரம் இறங்கினால் ஆணியைத் தேடுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், அந்த இரண்டு பிஎஸ்ஐ பொய்க்காகத்தான் ஒன்றரை குறைத்தேன். டிக்கியில் மட்டும் வைக்காதீர்கள், வயர் இன்னும் விறைக்கும். என்னுடையது வாசலில் செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில், பனி உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மனைவி இரண்டு முறை அதை உள்ளே தள்ளிவிட்டாள்.