கர்ப்பப்பை இறக்கத்துக்கு ஆபரேஷனா? கையெழுத்துப் போடுமுன் இதைப் படிங்க

எங்க ஆத்தாவுக்கு 66 வயசு. காரைக்குடிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை இறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணினோம். பேர் போடலை. மயக்கம் தெளிஞ்சதுமே, வலது பின்பக்கம் மிளகாய் அரைச்சு அப்பின மாதிரி எரியுதுன்னு அழுதாக. எரிச்சல் தொடைக்கும் இறங்குச்சு. டாக்டர் நின்ன வாக்கிலேயே, "தையல் வலி ஆச்சி, போயிடும்"னுட்டார். மூணாம் நாள் டிஸ்சார்ஜ்.

போகலை. திரும்பப் போனா, வயசு, எலும்புத் தேய்மானம்னு முதுகுக்கு எம்.ஆர்.ஐ., கால்சியம் மாத்திரை. பட்டாலையில் காலை நீட்டி மணிக்கணக்கா ஓலைக் கூடை, அதான் கொட்டான், முடையிறவுக, சாப்பாட்டையே நின்னுக்கிட்டுச் சாப்பிட்டாக. சொல்லக் கூச்சம்தான், ஆனா சொல்லணும்: வெஸ்டர்ன் கக்கூஸில் உட்காரும்போது மட்டும் வலி குறைஞ்சுது.

மதுரையில் ஒரு டாக்டரம்மாகிட்ட இதைச் சொன்னதும், "புடெண்டல் நரம்பா இருக்கும்"னாங்க. இறங்கினதைத் தூக்கி நிறுத்த, இடுப்புக்குள்ள இருக்கிற சேக்ரோஸ்பைனஸ் தசைநாரில் தையல் போட்டு மாட்டுவாங்களாம். அதை ஒட்டியே, உட்காருற இடத்துக்கு உணர்ச்சி கொடுக்கிற அந்த புடெண்டல் நரம்பு ஓடுது. லேசான பின்பக்க வலி பலருக்கு வரும், பெரும்பாலும் 6 வாரத்துக்குள் அடங்கிடும். ஆனா கண் முழிச்ச உடனேயே கடுமையா வலிச்சுக் காலுக்கு இறங்கினா, தையல் நரம்பைக் கவ்வியிருக்கலாம், சீக்கிரமே எடுத்துடணும். அந்த நாளெல்லாம் எங்களுக்குக் கால்சியம் மாத்திரையில் போச்சு.

தையல் தப்பினதுக்கு எனக்குக் கோபம் இல்லை. ஆபரேஷன் குறிப்பைக் கேட்டா, இன்னைக்கு வா நாளைக்கு வான்னு அலைய விட்டாங்களே, அதுக்குத்தான். 2002 மருத்துவக் கவுன்சில் விதிப்படி, நோயாளி கேட்டா 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாகணும். அதையே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கினேன். மூணாம் நாள் வந்துடுச்சு. வலது பக்கத் தையல், கரையாத நூல்னு அதில் தெளிவா இருந்துச்சு. இந்தத் தையலைப் பத்தி முன்னாடி ஒரு வார்த்தை சொல்லலை. ஆபரேஷன் இல்லாம, இறங்கினதைத் தாங்க உள்ளே ரப்பர் வளையம் வச்சும் பார்க்கலாம்கிறதையும் சொல்லலை.

எந்த இடத்தில் தையல், இறங்கினதைத் தாங்க செயற்கை வலை (மெஷ்) வைக்கிறீங்களான்னு முதல்லயே கேளுங்க. பிறப்புறுப்பு வழியா வைக்கிற வலையை இறக்கத்துக்கு விற்கக்கூடாதுன்னு அமெரிக்காவில் 2019-லேயே நிறுத்திட்டாங்க.

மதுரையில் தையலை எடுத்தாச்சு. நரம்பு வலி மாத்திரை ஓடுது. இப்போ அரை மணி நேரம் உட்காருறாக. போன வாரம் ஒரு சின்னக் கொட்டானுக்கு அடி போட்டிருக்காக.